மொய்ப் பட்டியலில் முருகனுக்கு முன்னால் முனியாண்டி: டேட்டாபேஸ்கள் கேட்டும் செய்யாதவை, கேட்காமலே செய்பவை

கேள்வி, 08.06.2024

அண்ணே, உசிலம்பட்டிப் பக்கம் விசேஷ வீடுகளில் மொய் எழுதிக் கொடுக்கிறோம். லேப்டாப்பில் ஏற்றி, கையோடு ரசீது கொடுத்து, மறுநாள் ஊர்வாரியாகப் பிரித்துப் புத்தகம் போட்டுத் தருவோம். பெயர் வரிசையில் எடுத்தால் முத்து, முனியாண்டி, முருகன் என்று வருகிறது. போன வாரம் வீட்டுப் பெரியவர் ஒருவர், ரிடையரான தமிழ் வாத்தியார், "முருகன்தானப்பா முன்னாடி வரணும், இது எந்த ஊரு அகராதி?" என்று கேட்டுவிட்டார். போஸ்ட்கிரெஸ்தான் வைத்திருக்கிறோம். வேறு டேட்டாபேஸுக்கு மாறினால் சரியாகுமா?

08.06.2024, இரவு

வாத்தியார் சொன்னதுதான் சரி. நெடுங்கணக்கில் ர முன்னால், ன கடைசியில். உங்கள் டேட்டாபேஸ் நெடுங்கணக்கைப் பார்க்கவில்லை, யுனிகோடில் எந்த எழுத்துக்கு என்ன எண்ணோ அதைப் பார்த்து அடுக்குகிறது. அந்த எண்கள் இஸ்கி என்ற பழைய இந்தியத் தரத்தை ஒட்டி வந்தவை. எல்லா இந்திய எழுத்துக்கும் ஒரே சட்டகம். அதனால் ந பக்கத்தில் ன, ர பக்கத்தில் ற, ல பக்கத்தில் ள, ழ. ச முடிந்ததும் ஜ. நீங்கள் சொல்கிற வரிசையைப் பார்த்தால் டேட்டாபேஸை உருவாக்கும்போது 'சி' என்ற லோக்கேலில், அதாவது எந்த மொழி வழக்கையும் பார்க்காத அமைப்பில் உருவாக்கியிருக்கிறீர்கள்.

மாற வேண்டியதில்லை. போஸ்ட்கிரெஸ் 10, அதாவது 2017-லிருந்து ஐசியு என்ற மென்பொருள் நூலகத்தில் இருக்கும் மொழிவாரி வரிசைகள் கிடைக்கின்றன. வரிசைப்படுத்தச் சொல்லி ஆர்டர் பை போடும் இடத்தில் கொலேட் என்று எழுதி 'டிஏ-எக்ஸ்-ஐசியு' கொடுங்கள். டிஏ என்றால் தமிழ். 15-ஆம் பதிப்பிலிருந்து டேட்டாபேஸ் முழுக்கவே இதை வைத்துக்கொள்ளலாம், ஆனால் உருவாக்கும்போதே சொல்ல வேண்டும்.

என்னைக் கேட்டால், தமிழ் வரிசை தானாக வராததுதான் இந்த மென்பொருள்களின் பெரிய குறை. மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸின் 8-ஆம் பதிப்பில் டேனிஷ், ஸ்வீடிஷ், வியட்நாமியம், ஐஸ்லாந்து மொழி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் போட்டு வரிசை வைத்திருக்கிறார்கள். ஐஸ்லாந்தில் நாலு லட்சம் பேர் இருந்தால் அதிகம். மதுரை மாவட்டத்தில் மட்டும் 2011 கணக்கெடுப்பில் 30 லட்சம் பேர். தமிழ் என்ற பெயரில் அங்கே ஒன்றும் கிடையாது.

09.06.2024

நேற்று விட்டது: புள்ளி. கண்ணன், கணேசன் இரண்டையும் வைத்துப் பாருங்கள். அகராதியில் ண் முதலில், அப்புறம்தான் ண, ணா, ணி. ஆகவே கண்ணன் முன்னால். யுனிகோடில் புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பிறகு வருவதால் கணேசன் முந்திக்கொள்கிறார். ஐசியு தமிழ் வரிசையில் இதுவும் நேராகிவிடும்.

12.06.2024

தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். வரிசை சரியாகிவிட்டதாம். ஆனால் ஊர்வாரிக் கணக்கில் சோழவந்தான் இரண்டு முறை வருகிறதாம். ஒன்றில் 43 பேர், இன்னொன்றில் 9 பேர். எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்கிறார்.

கண்ணுக்குத் தெரியாது. இரண்டு ஊருக்கும் லெங்த் கேட்டுப் பாருங்கள். ஒன்று 10 என்றும் மற்றது 11 என்றும் சொல்லும். 'சோ'வில் இருக்கும் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஏகாரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒரே சோ. இரண்டும் சமம் என்று யுனிகோடே சொல்கிறது. ஆனால் போஸ்ட்கிரெஸ் சாதாரணமாகச் சமம் பார்க்கும்போது பைட்டுக்குப் பைட் ஒப்பிடுகிறது, அதற்கு இவை இரண்டு ஊர். யுனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் இருந்த பட்டியலை மாற்றி ஏற்றியிருந்தால் அந்த 9 பேர் அதில் வந்தவர்களாக இருக்கும்.

போஸ்ட்கிரெஸ் 13-லிருந்து இப்படி இரண்டு விதமாக இருப்பதை ஒரே விதமாக்கும் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. பழைய வரிகளை எல்லாம் ஒருமுறை அதில் போட்டு எடுங்கள், புதிதாக வருவதை உள்ளே விடும்போதே போடுங்கள். தானாகச் செய்யாது. மொய்யில் இது சின்ன விஷயம் இல்லை. நாளைக்கு அந்த வீட்டுக்காரர் சோழவந்தானில் ஒரு விசேஷத்துக்குப் போகும்போது புத்தகத்தைப் புரட்டி, யார் எவ்வளவு செய்தார் என்று பார்த்துத்தான் திருப்பிச் செய்வார். இரண்டாவது சோழவந்தான் வேறு பக்கத்தில் போய் விழுந்தால் ஒன்பது குடும்பத்துக்குச் செய்முறை விட்டுப்போகும். அது பகையில் போய் நிற்கும்.

12.06.2024, சற்று நேரம் கழித்து

நார்மலைஸ் செய்தால் எல்லாம் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். கௌரி என்பதை க, ஔகாரக் குறி, ரி என்று அடிக்கலாம். நிறையப் பேர் கெ, ள, ரி என்று அடிக்கிறார்கள், ஏனென்றால் பார்க்க ஒன்றுபோல இருக்கிறது. இதில் ள என்பது உண்மையிலேயே வேறு எழுத்து, ஆகவே எந்த ஃபங்ஷனும் இதைச் சமமாக்காது. கௌரி, கௌசல்யா, மௌனிகா, சௌந்தரம் என்று நம் வீடுகளில் வழக்கமாக இருக்கும் பெயர்களுக்கு ஒரு சின்னப் பட்டியல் போட்டு, நுழைக்கும் இடத்திலேயே 'இப்படியா?' என்று கேட்க வைத்தேன். வேறு வழி தெரியவில்லை.

23.06.2024, ஞாயிறு

முதல் நாள் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். தமிழ் வரிசை இல்லாததுதான் பெரிய குறை என்று சொல்லியிருந்தேன். இல்லை. இல்லாத வசதி ஒன்று உங்களை ஏமாற்றாது. பட்டியல் தப்பாக வருகிறது, வாத்தியார் கண்டுபிடிக்கிறார், நீங்கள் தேடுகிறீர்கள். கேட்காமல் ஒன்றைச் செய்துவிட்டு வாய் திறக்காமல் இருக்கிறதே, அதுதான் ஆளைக் கவிழ்ப்பது. எனக்கு நடந்ததை எழுதுகிறேன்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு நான் கணக்கு எழுதும் புரோகிராம் செய்து கொடுத்தேன். விவசாயி பூ மூட்டையைக் கொண்டுவந்து போட்டதும் எடை போட்டு, பெயர், எடை, பூ வகை பதிவாகும். சீட்டு அடித்துக் கையில் கொடுப்பார்கள். விலை தனி டேபிளில், தேதிவாரியாக. பதிவான தேதியைப் பார்த்து அந்த நாள் விலையை எடுத்துப் பெருக்கி, கமிஷன் கழித்துப் பட்டுவாடா. ஏழெட்டு மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை.

ஒரு முகூர்த்த நாள். முந்தின நாள் விலையைப் போல மூன்று மடங்குக்கு மல்லி போயிருந்தது. மத்தியானம் திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி திரும்பி வந்து சீட்டை நீட்டினார். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்குப் பறிக்க ஆரம்பித்து, முதல் ஆளாக வந்து போட்டவர். "தம்பி, இன்னைக்கு விடியக்காலம் போட்ட பூவுக்கு நேத்து வெலையா?" என்றார். சீட்டு ஈரத்தில் ஊறி ஓரம் பிய்ந்திருந்தது, ஆனால் 4.50 என்ற நேரம் தெளிவாக இருந்தது. கம்ப்யூட்டரைத் திறந்து அதே வரியைப் பார்த்தேன். முந்தின நாள் தேதி, 23.20.

அப்போதுதான் விளங்கியது. வாடகைக்கு எடுத்த சர்வர் உலகப் பொது நேரத்தில், அதாவது யுடிசியில் ஓடுகிறது. டேட்டாபேஸ் சர்வரின் நேரத்தை எடுத்துக்கொள்கிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஆகவே காலை 5.30-க்கு முன்னால் போட்ட ஒவ்வொரு மூட்டையும் முந்தின நாள் கணக்கில் விழுந்திருக்கிறது. சீட்டை அடித்தது கடையிலிருந்த கம்ப்யூட்டர், அதன் கடிகாரம் சரி. சேமித்தது சர்வர். ஆபீஸில் பத்து மணிக்கு வேலை தொடங்குகிறவருக்கு இந்த ஐந்தரை மணி நேரம் தெரியவே தெரியாது. பூ மார்க்கெட்டுக்கு முக்கால்வாசி வியாபாரம் விடிவதற்குள் முடிந்துவிடும்.

சாதாரண நாளில் விலை பத்து, இருபது ரூபாய் ஏறி இறங்கும், யாரும் கவனிக்கவில்லை. ஏழெட்டு மாதமும் விடிவதற்கு முன்னால் வந்தவர்களுக்குக் கணக்கு தப்பு. கடை அண்ணாச்சி கோபப்படவில்லை. "யார் யாருக்கு எவ்வளவு கொறஞ்சிருக்குன்னு எடுப்பா" என்றார். இரண்டு நாள் உட்கார்ந்து எடுத்தோம். கூடப் போனவர்களிடம் திருப்பிக் கேட்கவில்லை, குறைந்தவர்களுக்கு எல்லாம் கொடுத்தார். சிலர் வேறு கடைக்குப் போடப் போய்விட்டிருந்தார்கள், அவர்களுக்கு ஆள் அனுப்பினார்.

சர்வர் நேரத்தை நான் பார்த்திருக்க வேண்டும், அது என் பொறுப்பு. ஆனாலும் என் ஆதங்கம் இதுதான்: டேபிளை உருவாக்கும்போது 'இது எந்த ஊர் நேரம்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். போஸ்ட்கிரெஸில் டைம்ஸ்டாம்ப் என்று மட்டும் எழுதினால் நேர மண்டலம் இல்லாத வகைதான் கிடைக்கும். எஸ்க்யூஎல் தரமே அப்படித்தான் சொல்கிறது. மண்டலம் உள்ளது வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேட்க வேண்டும். தெரியாதவன் கேட்க மாட்டான், அவனுக்குத்தான் அது தேவை.

23.06.2024, இரவு

எப்படிச் சரிசெய்தீர்கள் என்று கேட்டதற்கு: சேமிப்பது யுடிசியாகவே இருக்கட்டும், தேதி எடுக்கும்போது நம் நேரத்துக்கு மாற்றி எடுங்கள். மைஎஸ்க்யூஎல் என்றால் கன்வெர்ட்-டிஇசட் ஃபங்ஷனில் 'ஏசியா/கொல்கத்தா' கொடுங்கள்.

25.06.2024

மேலே சொன்னதில் தப்பு. அப்படியே போட்டுப் பார்த்தவருக்குத் தேதி எல்லாம் காலியாக வந்திருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லில் நேர மண்டலப் பெயர்களுக்கு என்று தனி டேபிள்கள் உண்டு. நிறுவும்போது டேபிள் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. நாம்தான் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் பெயரைச் சொன்னால் 'இந்தப் பெயர் எனக்குத் தெரியாது' என்று சொல்லாமல் 'நல்' (NULL), அதாவது காலி மதிப்பைத் தூக்கிக் கொடுத்துவிடும். நான் டேபிளை ஏற்றிப் பல வருஷம் ஆனதால் மறந்துபோனேன். பெயருக்குப் பதில் '+05:30' என்று கொடுங்கள், எதையும் ஏற்றாமல் வேலை செய்யும். நம் நாட்டில் கோடைக்கு ஒரு நேரம், குளிருக்கு ஒரு நேரம் என்று மாற்றுவது இல்லை, அதனால் இந்த எண்ணையே நம்பலாம்.

முந்தாநாள் நான் குறை சொன்ன அதே குணம்தான் இதுவும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் காலியைக் கொடுப்பது.

30.06.2024

மீனாட்சி என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் நான்கு எழுத்து. யுனிகோடில் எட்டுக் குறி. அதைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்8-ல் 24 பைட், ஏனென்றால் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். ஆரக்கிள் டேட்டாபேஸில் எழுத்துக் கட்டத்துக்கு வார்கேர்2 என்று போட்டு 20 என்று நீளம் கொடுத்தால், அமைப்பை மாற்றாதவரை அது 20 பைட். மீனாட்சி உள்ளே போக மாட்டாள். சுந்தரேஸ்வரர் 39 பைட், அவரும் வெளியேதான். பதிமூன்று எழுத்து இங்கிலீஷ் பெயருக்கு அதே பெட்டியில் இடம் தாராளம்.

ஆனால் இதை நான் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன். ஆரக்கிள் அந்த இடத்தில் பிழை கொடுத்து நிறுத்திவிடும். பெட்டியைப் பெரிதாக்கிவிட்டு வேலையைப் பார்க்கலாம். மைஎஸ்க்யூஎல்லில் பழைய இயல்பு அப்படி இல்லை. நீளம் மிஞ்சினால் வெட்டிவிட்டு, மீதியைச் சேமித்து, ஒரு எச்சரிக்கையை ஓரமாகப் போட்டுவிடும். யாரும் படிக்காத எச்சரிக்கை. தமிழில் வெட்டு எங்கே வேண்டுமானாலும் விழும், புள்ளி போய்விட்டால் 'வேல்' என்பது 'வேல' ஆகிவிடும். 2015-ல் வந்த 5.7-லிருந்து, வெட்டாமல் பிழை கொடுக்கும் கண்டிப்பான முறை இயல்பாகவே இருக்கிறது. அதை மனதார வரவேற்கிறேன். பழைய சர்வரிலிருந்து மாறும்போது "புதுசு பிழை கொடுக்கிறது" என்று அதை அணைத்து வைக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். பிழை கொடுக்கட்டும்.

02.07.2024

திருத்தம். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் என்றேன். வழக்கமான எழுத்துகளுக்கு அது சரி. பெரியப்பா வீட்டுப் பரணில் பழைய கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. கால், அரை, முக்கால், மாகாணி எல்லாம் சொல்லாக எழுதவில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. நெல் அளவுக்கும் குறிகள். பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்தக் குறிகளை 2019-ல் யுனிகோட் 12-ல் சேர்த்தார்கள், மொத்தம் 51, முந்திரி வரைக்கும் இருக்கிறது. ஒரு முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. இவை யுடிஎஃப்8-ல் நான்கு பைட்.

மைஎஸ்க்யூஎல்லில் 'யுடிஎஃப்8' என்ற பெயர் இன்றைக்கும் மூன்று பைட் வரைதான். முழுமையானது வேண்டுமென்றால் 'யுடிஎஃப்8எம்பி4' என்று கேட்க வேண்டும். 2018-ல் வந்த 8.0-லிருந்து அதுதான் இயல்பு, அதற்கு முன்னால் லத்தீன்1. கண்டிப்பான முறை இல்லாத பழைய சர்வரில் மூன்று பைட் கட்டத்துக்குள் நான்கு பைட் குறி ஒன்று வந்தால், அந்த இடத்தோடு வரி முடிந்துவிடும். பின்னால் எழுதிய எல்லாம் போச்சு. தாத்தா நோட்டை ஏற்றப் போகிறவர்கள் ஒன்றுக்கு நான்கு முறை அமைப்பைப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

07.07.2024

மொய்த் தம்பிக்கு. போனில் ஓடும் ஆப்பில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதலாம், போனுக்குள்ளேயே ஓடும் டேட்டாபேஸான எஸ்க்யூலைட் நல்ல பொருள், நான் நம்பிப் பயன்படுத்துகிறேன். ஆனால் இரண்டு இயல்புகளைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

ஒன்று, தொகைக் கட்டத்தை முழு எண் என்று நீங்கள் அறிவித்தாலும் அது எழுத்தையும் ஏற்றுக்கொள்ளும். என் தங்கை மகள் காதுகுத்துக்கு மொய் எழுத உட்கார்ந்தவர் பேங்க் பழக்கத்தில் சிலருக்கு '1001/-' என்று அடித்துவிட்டார். எஸ்க்யூலைட்டில் எழுத்து எப்போதும் எண்ணைவிடப் பெரியது. பெரிய தொகை மேலே வரும்படி பட்டியல் எடுத்தபோது, 50,000 செய்த தாய்மாமனுக்கு மேலே '1001/-' வரிசையாக நின்றது. மாமன் முகம் மாறியதை நான் பார்த்தேன். 2021 நவம்பரில் வந்த 3.37-லிருந்து டேபிளின் கடைசியில் ஸ்ட்ரிக்ட் என்று எழுதினால் இதை மறுத்துவிடும். எழுதாவிட்டால் பழைய கதைதான்.

இரண்டு, ஃபாரின் கீ சோதனை, அதாவது ஒரு டேபிள் சுட்டும் வரி இன்னொரு டேபிளில் இருக்கிறதா என்ற சோதனை, இயல்பாக அணைந்திருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் பிராக்மா என்ற கட்டளை கொடுத்து எழுப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஊர்ப் பட்டியலிலிருந்து செக்கானூரணியைத் தெரியாமல் அழித்துவிட்டால், அந்த ஊர் மொய்க்காரர்கள் எல்லாம் ஊர் இல்லாமல் நிற்பார்கள்.

08.07.2024

கேட்ட இன்னொன்று: பெயரே இல்லாமல் வெறும் தொகை அச்சாகிறது. இனிஷியல் கட்டம் காலியாக, அதாவது 'நல்' ஆக இருக்கும். போஸ்ட்கிரெஸில் இரட்டைக் கோட்டால் (||) இனிஷியலையும் பெயரையும் ஒட்டும்போது ஒன்று 'நல்' என்றால் மொத்தமும் 'நல்'. இனிஷியல் சொல்லாமல் மொய் வைத்துவிட்டுப் போனவர் பெயரே அழிந்துபோகிறது. கான்கேட்-டபிள்யூஎஸ் ஃபங்ஷன் போடுங்கள், அது 'நல்' கட்டத்தை விட்டுவிட்டு மற்றதை ஒட்டும்.

மைஎஸ்க்யூஎல்லில் அதே இரட்டைக் கோடு இயல்பாக 'அல்லது' என்று பொருள். பெயரை ஒட்டச் சொன்னால் 0 வரும்.

21.07.2024

ஆடி பிறந்துவிட்டது, முகூர்த்தம் இல்லை, மார்க்கெட்டில் கொஞ்சம் மூச்சு விடலாம். ஒரு பழைய டேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடை பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்று செக் நிபந்தனையை நானே எழுதியிருக்கிறேன். டேபிளில் மைனஸ் 3 கிலோ சம்பங்கி இருக்கிறது. மைஎஸ்க்யூஎல் 8.0.16-க்கு முன்னால், அதாவது 2019 வரை, செக் நிபந்தனையைப் படித்துவிட்டு ஒதுக்கிவிடும். பிழையும் கொடுக்காது, காவலும் காக்காது. நான் பூட்டு போட்டதாக நினைத்துத் தூங்கியிருக்கிறேன். அந்த வசதியே கிடையாது என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் புரோகிராமில் சோதனை வைத்திருப்பேன்.

லட்சத்துக்குக் காற்புள்ளி எப்படி என்று கேட்டவருக்கு: போஸ்ட்கிரெஸில் டு-கேர் ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் வடிவத்தில் காற்புள்ளியை நீங்கள் வைக்கிற இடத்தில் அது வைக்கும். 99,99,999 என்று எழுதினால் 12,34,567 என்று வரும்.

18.08.2024

மொய்த் தம்பி எழுதியிருக்கிறார். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் பழைய வரிகளை எல்லாம் நார்மலைஸ் செய்து, சோழவந்தானை ஒன்றாக்கிவிட்டாராம். கௌரி பெயர்களில் ஒரே ஊரில் ஒரே இனிஷியலில் இருந்தவர்களுக்கு மட்டும் வீட்டுக்காரரிடம் போன் போட்டுக் கேட்டுச் சேர்த்தாராம். புதுப் புத்தகத்தை அந்த வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். முத்து, முருகன், முனியாண்டி என்று விரலை வைத்து வாசித்துவிட்டு, கடைசிப் பக்கத்தைத் திருப்பி, "ஜெயலட்சுமியையும் எடம் மாத்திப் போட்டுட்டியே, நல்லது" என்றாராம். ஜ இதற்கு முன்னால் ச-வுக்கு அடுத்து இருந்தது. ஐசியு அதை ன-வுக்குப் பின்னால், கிரந்த எழுத்துகளோடு கடைசியில் கொண்டுபோய் வைத்திருக்கிறது. தம்பி அதைக் கவனிக்கவே இல்லையாம்.